விளையாட்டு என்று நான் எழுதிய வரி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், இந்த வயதில் அதுவே நலம்தான். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே உடம்பிலும் மனதிலும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷமாகப் போனில் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் இரண்டே நிமிஷத்தில் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், இல்லாவிட்டால் நான் உன்னைச் சமாதானப்படுத்திவிடுவேன். அப்படி முடிந்துவிடக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதையும் ஒதுக்கிவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படி. குட்டி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதலில் வீட்டுச் சங்கதி. அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகத் தெரிகிறது. நன்றாகத் தெரிவதுதான் இப்போது தொல்லை, விட்டத்தில் இருக்கிற ஒட்டடையை எல்லாம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாற்பது வருஷம் அவர் தலைக்கு மேலேயே இருந்த ஒட்டடை, நேற்று வந்தது மாதிரி கேட்கிறார். இடது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, பழுது பார்க்கப்படுகிறது என்று அட்டை மாட்டி ஐந்து வாரம் ஆகிறது, அந்த அட்டையையே பழுது பார்க்க வேண்டிய நிலைமை. மூன்று மாடி ஏறி வந்து செருப்பைக் கழற்றும்போது முட்டி இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் வேலையில் எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். சர்க்கரை சொன்ன பேச்சு கேட்கிறது. மற்றபடி களைப்புத்தான். உடம்புக் களைப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும், இது அந்த வகையில்லை.

நீ போன் செய்து குட்டியின் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாயே, அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். வகுப்புப் பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துவைத்துக்கொண்டு ரப்பரால் தேய்த்தார்களாம், அழித்தால் நிறம் போகிறதா பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார்களாம், தோல் உரிந்து ரத்தம் கசிந்த பிறகுதான் விட்டார்களாம். எட்டு வயசுக் குழந்தை. பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை நம் பாஷையில் மாற்றி எனக்குப் படித்துக்காட்டினாய். விளையாட்டின்போது மாணவர்களிடையே ஏற்பட்ட சிறு சச்சரவு, இரு தரப்பினருக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. படித்துவிட்டு நீ, "இதை எழுதினவளுக்குப் பிள்ளைகுட்டியே இருக்காதாம்மா?" என்று கேட்டாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீ இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றாய். லைன் கட்டாகவில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதற்குச் சரியாக எட்டு நாள் முன்னால் அதே வரியை, ஒரு சொல் மாறாமல், நான் எங்கள் பள்ளிக்கூடத்தின் சம்பவப் பதிவேட்டில் எழுதியிருந்தேன்.

அதைச் சொல்கிறேன். எங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பா மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம், பேச்சு வேறு, நிறம் நம்மைவிடக் கறுப்பு, முடி சுருள்சுருளாக இருக்கும். நம் பாஷையை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள், கணக்கில் வகுப்பிலேயே கெட்டி. இடைவேளையில் வகுப்பில் பெரியவர்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மூன்று பேர் அவளைச் சுவரோடு நிறுத்தி, கரும்பலகை துடைக்கிற டஸ்டர்கள் இரண்டையும் அவள் தலைக்கு மேல் தட்டியிருக்கிறார்கள். முகத்தில், கண்ணில், வாயில் எல்லாம் சாக்பீஸ் தூள். "இப்பதான் பாக்கிற மாதிரி இருக்கே, இப்படியே உங்க நாட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். இது முதல் தடவையும் இல்லை, மூன்று மாதமாக அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை, அவள் தொட்ட குழாயைத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் பொறுக்க முடியாமல் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒருத்தன் நெற்றியில் போட்டுவிட்டாள். அவன் நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. ஆசிரியர் ஓடி வந்தபோது வீக்கம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தூளை அதற்குள் அவளே குழாயடியில் கழுவிவிட்டிருந்தாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "வழக்கம்போல எழுதிடுங்க, அந்தப் பொண்ணை மூணு நாள் வீட்ல இருக்கச் சொல்லிடலாம்" என்றார். நான் வழக்கம்போல எழுதினேன். கை தானாக எழுதியது. அதற்கு நடுவே பேனா சரியாக எழுதவில்லை என்று வேறு பேனா தேடியது ஞாபகம் இருக்கிறது, அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் இல்லை.

உன் போன் வந்த அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அப்பா கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார், உன் வயசுதான் இருக்கும், அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற ஆள். தலைமையாசிரியை அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். "எங்க ஸ்கூல்ல இந்த மாதிரி நிறம், நாடுன்னு ஒரு பிரச்சினை இதுவரைக்கும் வந்ததே இல்லை சார், வேணும்னா எல்லாப் பதிவேட்டையும் பாருங்க" என்று தலைமையாசிரியை சொன்னார். பார்க்கட்டும் என்று என்னையே அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். முப்பத்தொரு வருஷப் பதிவேடு, ஏழு கட்டு, தூசி தட்டும்போது எனக்கே தும்மல் வந்தது. அந்த அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் ஒரே கையெழுத்து, முதல் ஏழு வருஷத்தைத் தாண்டினால் எல்லாம் ஒரே வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது உங்க எழுத்துதானேம்மா?" என்று கேட்டார். எழுத்து என்னுடையதுதான் சார், எழுதியிருப்பதுதான் நடந்தது இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. நான் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே, தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். உன் கேள்வி மட்டும் பத்து நாளாகக் காதுக்குள்ளேயே இருந்தது, அது வெளியே வரட்டும் என்றுதான் வாயைத் திறந்திருப்பேன் போலிருக்கிறது.

உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் பென்சிலால் குறியிட்டுக் கொடுங்கள் என்று அதிகாரி சொன்னார். பதிவேடுகளோடு என்னை ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகளை நிறத்தைச் சொல்லி, பாஷையைச் சொல்லி, பிறந்த நாட்டைச் சொல்லி அடித்தது, ஒதுக்கியது, பட்டப்பெயர் வைத்தது, இப்படி எனக்கு உறுதியாகத் தெரிந்தது பத்தொன்பது. தெரியாமல் போனது எத்தனையோ. பதினெட்டுக்குக் குறி போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் தாண்டிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மாலை மணி அடித்ததும் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஒன்று எது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். உனக்குப் பதின்மூன்று வயது, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே எட்டாம் வகுப்பு. நீயும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தனைக் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாய்க்கு அடியில் அவன் தலையைப் பிடித்து அமுக்கினீர்கள். தார் டின் என்று அவனுக்குப் பெயர் வைத்தது நீதான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கழுவினால் வெளுக்குமா என்று பார்த்தீர்களாம். அவன் திமிறியதில் முகம் தொட்டி விளிம்பில் மோதி முன்பல் பாதி உடைந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பையனோட படிப்பு பாழாயிடும்மா, விளையாட்டுல நடந்ததுன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்றார். அவர் சொல்லித்தான் எழுதினேன் என்று உன்னிடம் சொல்லலாம். ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதற்கு முன்னால் நான் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டிருந்தவள்தான். உனக்காக ஒரு தடவை எழுதின வரி கைக்குப் பழகிப்போய்விட்டது. அடுத்த பிள்ளைக்கு எழுதும்போது அவ்வளவு உறுத்தவில்லை, அதற்கு அடுத்த பிள்ளைக்கு உறுத்தவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டேன். ஜலதோஷம் பிடித்துவிடும், தலையைத் துவட்டு என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஏதாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தாயோ, எதுவும் சொல்லாமல் இருக்கவேண்டுமே என்று பார்த்தாயோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அடித்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை, உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். அவன் மூச்சு விட முடியாமல் இருந்தபோது உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டிருந்தால், பதின்மூன்று வயதில் அதற்குப் பதில் சொல்ல முயற்சியாவது செய்திருப்பாய். இருபத்துநான்கு வருஷம் அதை உன் தலையில் தனியாகச் சுமக்கவிட்டேனா, அல்லது மறக்கவிட்டேனா, எது பெரிய தப்பு என்று தெரியவில்லை.

பதினெட்டுக்குக் குறி போட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மூடியபடி படுத்திருந்தவர், "தெரியும். சட்டையெல்லாம் நனைஞ்சு வந்தான், மழை இல்லாத நாள். நீ பாத்துக்குவேன்னு விட்டுட்டேன்" என்றார். அடுத்த நாள் காலையில் நான் கிளம்பும்போது அவரே எழுந்து டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்து, மூன்று மாடியும் என்னோடு இறங்கி வாசல்வரை வந்தார். நான் போய் அதிகாரியிடம் பத்தொன்பதாவதையும் காட்டி, இது என் சொந்தப் பிள்ளை சார் என்று சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அறிக்கையில் உன் பெயர் இருக்கிறது. யார் மூலமாவது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் என் வாயாலேயே நீ தெரிந்துகொள்ள வேண்டும், இந்தக் கடிதத்துக்கு அது ஒரு காரணம்.

பள்ளிக்கூடத்தில் இப்போது என் நிலைமை கேட்காதே. பொய்ப்பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை, உண்மையைச் சொன்னதற்குத் தலைமையாசிரியையிடமிருந்து மௌனம். ஒரே காரியத்துக்கு இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என் மேஜையை விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். கிழிந்த கூடைப்பந்து வலைக்குக் கீழே உட்கார்ந்துதான் வருகைப் பட்டியல் போடுகிறேன். இருந்தாலும் சில காரியம் நடந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இடைவேளையில் வகுப்புகளைத் தனியாக விடக் கூடாது, நடைபாதையில் ஒருவரும் குழாயடியில் ஒருவரும் நிற்க வேண்டும் என்று முறை போட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையையும் அடித்த பிள்ளையையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்கிற வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். முக்கியமாக, பதிவேட்டில் முதலில் பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் சொல்வது. அந்தப் பெண் தன் வாக்குமூலத்தைச் சொல்ல என்னிடம்தான் வந்தாள். கண் இன்னும் ஓரத்தில் சிவப்பாகத்தான் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் தாளைக் கேட்டு வாங்கி விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள் என்று நான் எழுதியிருந்ததைக் காட்டி, "சிலர் இல்லை, எல்லாரும்" என்றாள். அடித்துவிட்டு எல்லாரும் என்று எழுதினேன். அப்போதுதான் கையெழுத்துப் போட்டாள். இவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பெஞ்சில் இப்போது ஒரே ஒரு பெண் பக்கத்தில் உட்காருகிறாள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னதை ரத்து செய்து அவள் அப்பாவிடம் எழுத்தில் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல் போனார். எதற்குச் சொல்ல வேண்டும்.

நெற்றி வீங்கிய பையனின் அம்மா என்னைத் தேடி அந்த விளையாட்டுச் சாமான் அறைக்கே வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாள், தோளில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது. கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். "நீங்களும் ஒரு அம்மாதானே, ஒரே ஒரு வார்த்தையை மாத்தி எழுதுங்க, பையன் வாழ்க்கையே போயிடும்" என்று அழுதாள். அவள் அடுத்து என்ன சொல்வாள், அதற்கடுத்து என்ன சொல்வாள் எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது. அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. நான் என் பிள்ளையை ஒருமுறை அப்படித் தப்பிக்கவைத்தேன், அவனோடு அதைப் பற்றிப் பேசவே முடியாமல் இருபத்துநான்கு வருஷம் ஓடிவிட்டது, உங்கள் பையனுக்குப் பதினொரு வயதுதான் ஆகிறது, இன்றைக்கே பேசிவிடுங்கள் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. என்னைத் திட்டிக்கொண்டேதான் போனாள். ஆனால் நான்கு நாள் கழித்து அந்தப் பையன் தானாக வந்து, யார் டஸ்டரை எடுத்துக் கொடுத்தது, யார் என்ன சொன்னது என்று தலையைக் குனிந்துகொண்டே முழுக்கச் சொன்னான். தன் பெயரையும் விடவில்லை.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் பல்லை உடைத்த அந்தப் பையன் இப்போது யார் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நம் தெருமுனை தாண்டி இருக்கிற மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவர் அவர்தான். ஆறு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு போய் அவரிடம்தான் கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். ஊசி போடுவதே தெரியாது, அவ்வளவு மெல்லிய கை. முன்பல்லில் போட்டிருக்கிற உறை மற்றப் பல்லைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். அந்தப் பல்லைப் பார்க்காமல் இருப்பதற்காக ஆறு வருஷமும் சுவரில் இருக்கிற காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை. தம்பி, என்னை யார் என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்மா, முதல் நாளே தெரியும். கையை மடக்காதீங்க" என்றார். என் பையன் செய்ததற்கு, என்று ஆரம்பித்தேன். அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க பையன் செஞ்சது பல்லோட போச்சும்மா. அந்த வயசுல எல்லாரும்தான் செஞ்சாங்க. மறக்க முடியாதது நீங்க எழுதினதுதான். எங்க அப்பாவைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அவருக்கு எங்க பாஷை எழுத்து நல்லாத் தெரியும், உங்க எழுத்து தெரியாது. என்ன போட்டிருக்குன்னு என்னைப் படிக்கச் சொன்னாரு. வாய்ல ரத்தத்தோட நான்தான் படிச்சேன். விளையாட்டின்போதுன்னு. அவ்வளவுதானான்னு கேட்டாரு. அவ்வளவுதான்பான்னு சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு, இதுக்கா என்னை அரை நாள் வேலையைக் கெடுத்து வரவெச்சேன்னு என்னைத்தான் திட்டினாரு."

நான் அங்கே உட்கார்ந்துகொண்டு அழவில்லை. அழுதால் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது எந்த நியாயம். வெளியே ஆறு பேர் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன். உன்னைப் போனில் பேசச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். "வேண்டாம்மா, எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், அதைக் கேட்டுட்டு நான் என்ன செய்யப்போறேன். முடிஞ்சா அந்த நோட்டைத் திருத்தி ஒரு நகல் கொடுங்க. அப்பா இன்னும் இருக்காரு. அவருக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார். ரத்தம் பிடித்த குழாய் மேல் என் பெயரை ஒட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதிகாரியிடம் போய்க் கேட்டேன். பழைய பதிவைத் திருத்த வழி இருக்கிறதாம், பழையதை அடிக்காமல் பக்கத்தில் திருத்தக் குறிப்பு ஒட்ட வேண்டும். ஆனால் நடந்தபோது அங்கே இருந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்வார்களாம். நான் அங்கே இல்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொன்னது. அவரை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒருமுறை அவரைப் படிக்கவைத்தது போதும். மற்ற இரண்டு பேரில் ஒருத்தன் உயிரோடு இல்லை, இன்னொருத்தன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. மிச்சம் நீதான். அதனால் கேட்கிறேன், அன்று நடந்ததை நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. என் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவனிடமே இப்படிக் கேட்கிறாளே என்று உனக்குக் கோபம் வரலாம், வந்தால் வரட்டும், இந்தக் கோபத்துக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் போனது.

குட்டி விஷயத்துக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எதிர்ப்பக்கத்து மேஜையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன் என்று கேட்டுக்கொள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போடாதே, சத்தம் போடுகிற அப்பாவை எப்படி அனுப்பிவைப்பது என்று எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். என்றைக்கு, எந்த இடத்தில், யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதிக் கொடு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. அவள் கையைப் போட்டோ எடுத்து வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். சச்சரவு என்று போட்டிருப்பதை மாற்றி, நிறத்தைச் சொல்லிச் செய்தார்கள் என்று அந்தச் சொல்லையே எழுதச் சொல், பெயர் சொல்லாத நோய்க்கு யாரும் மருந்து எழுதமாட்டார்கள். குட்டி சொல்வதை அவள் சொல்லிலேயே பதியச் சொல், பிறகு அவளுக்குப் படித்துக்காட்டச் சொல். எந்த இடத்தில் பயமாக இருக்கிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாயில்லை என்று அவளையே கேட்கச் சொல். கண்டுக்காதே, பெரிதுபடுத்தாதே என்று நீயும் மருமகளும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அது அவளை வாயை மூடு என்று சொல்கிற மாதிரிதான். தேய்த்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்த வேண்டும் என்று நிற்காதே. அதில் ஒருத்தனுக்கு அம்மா இருப்பாள், ஒரு ஈரச் சட்டை இருக்கும், அவனை யாராவது உட்காரவைத்துக் கேட்கட்டும். நீ சிறுவயதில் செய்ததைக் குட்டியிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை நீயும் மருமகளும் முடிவு செய்துகொள்ளுங்கள், அதில் நான் தலையிடமாட்டேன். மருமகளிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு. அப்பாவைப் போல அவளுக்கும் ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்.

கை வலிக்கிறது, முடிக்கிறேன். நீயும் மருமகளும் ஒற்றுமையாக, நிம்மதியாக இருங்கள். குட்டியின் கை ஆறி, அவள் பயமில்லாமல் பள்ளிக்கூட வாசற்படி ஏறட்டும், நல்ல சிநேகிதி ஒருத்தி அவளுக்குக் கிடைக்கட்டும். அப்பா அவளுக்கு முத்தம் சொல்லச் சொன்னார், உனக்கும் ஏதோ சொல்ல வந்து, நீயே எழுதிக்கோ என்றுவிட்டார். நான் எழுதச் சொன்ன தாளைத் தனி உறையில் போட்டு என் பெயருக்கே அனுப்பு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. நீளமாக எழுத வேண்டாம், வருத்தப்படுகிறேன் என்பதெல்லாம் அதில் வேண்டாம், என்ன செய்தோம், என்ன சொன்னோம் என்பது மட்டும் போதும். வாக்கியம் சின்னச் சின்னதாக இருக்கட்டும். அந்தப் பெரியவருக்கு இப்போது காது மந்தமாம், அவர் மகன் ஒவ்வொரு வரியாகத் தன் பாஷையில் மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்,
அம்மா